காலுறையும் காலணியும்: உணர்விழந்த பாதத்துக்கு அளவெடுத்த வரலாறு

காலுறை என்பது பாதத்தையும் கணுக்காலையும் மூடும்படி நூலாலோ கம்பளியாலோ பின்னப்படும் உறை ஆகும். பேச்சு வழக்கில் இது 'சாக்ஸ்' எனப்படுகிறது. தமிழகம் போன்ற வெப்பமான நாட்டில் காலுறை அன்றாட உடையாக இருந்ததில்லை. பள்ளிச் சீருடை, காவல்துறை, படை, அலுவலகம், தொழிற்சாலை ஆகியவற்றின் வழியாகவே அது பெரும்பாலோர் காலுக்கு வந்து சேர்ந்தது. ஆயினும் எந்தக் காலணிக்கு எந்தக் காலுறை பொருந்தும், அந்தப் பொருத்தத்தை எப்படிச் சோதித்து அறிவது என்ற கேள்விக்கு உலகம் இன்று பின்பற்றும் விடைகளில் முக்கியமான சில, தமிழ்நாட்டின் வேலூரில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து பிறந்தவை. அந்த ஆராய்ச்சி நடந்தது நாகரிக உடைக்காக அன்று. வலியே தெரியாத பாதங்களுக்காக.

தொன்மை

எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளில் கம்பளியால் ஆன ஒரு சோடி சிவப்புக் காலுறை கிடைத்தது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இப்போது உள்ள அது, கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டுக்குள் செய்யப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. அதில் பெருவிரலுக்குத் தனி அறையும் மற்ற நான்கு விரல்களுக்கு இன்னோர் அறையும் உள்ளன. விரலிடுக்கில் வார் நுழையும் செருப்புக்காகவே அப்படிப் பின்னியிருக்கிறார்கள். இன்று நம் ஊர்க் கடைகளில் செருப்போடு போட்டுக்கொள்வதற்கென விற்கும் 'விரல் பிரித்த சாக்ஸ்' இதே வடிவம்தான். காலணியின் அமைப்பைப் பார்த்துக் காலுறையைச் செய்யவேண்டும் என்பது அவ்வளவு பழைய அறிவு.

1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை உருவாக்கினார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகளில், 1610இல், டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வணிகத் தளம் அமைத்தனர். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. முழங்கால் வரை காலுறை அணிந்து வந்த அவர்கள் இங்கிருந்து கப்பலேற்றியது பருத்தித் துணியை. அந்தத் துணியை நெய்தவர்களும், அவர்களுக்கு மீன் கொண்டுவந்து கொடுத்தவர்களும் வெறுங்காலோடு நடந்தவர்கள். இந்த நிலை இருபதாம் நூற்றாண்டு வரை பெரிதாக மாறவில்லை.

வெறுங்காலோடு நடப்பவர்க்கு ஒரு காவல் உண்டு. அது வலி. முள் குத்தினால் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் கொப்புளம் கண்டால், நினைக்காமலேயே மறுபக்கம் ஊன்றி நடப்போம். புதுச் செருப்பு கடித்தால் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வோம். கடையில் ஷூ வாங்கும்போது இரண்டடி நடந்து பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்வதும் இந்த உணர்வை நம்பித்தான். உணர்வு இல்லாதவர் அப்படிச் சொன்னால் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை.

வேலூர்

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவப் பணி செய்துவந்த மதப்பணியாளர் குடும்பம். இலண்டனில் அறுவை மருத்துவம் கற்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையை அப்போது கவனித்துவந்த இராபர்ட் காக்ரேன், அவரை அங்கே அழைத்துச் சென்று நோயாளிகளைக் காட்டினார். மடங்கிய விரல்கள், குறைந்துபோன பாதங்கள், ஆறாத புண்கள் ஆகியவற்றை எலும்பு, மூட்டு அறுவை வல்லுநர் எவரும் அதுவரை ஏன் ஆராயவில்லை என்பது காக்ரேனின் கேள்வி.

தொழுநோய் கண்டவரின் விரல்கள் 'அழுகி விழும்' என்பதே அக்காலத்து நம்பிக்கை. மக்கள் மட்டுமல்லர், மருத்துவர் பலரும் அப்படித்தான் எண்ணினர். பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் நோயாளிகளை நாள்தோறும் கவனித்துப் பார்த்ததில் வேறு செய்தி தெரிந்தது. நோய்க்கிருமி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதால் வலி போகிறது. வலி போனதால் காயம் தெரிவதில்லை. சதை நோயால் அழிவதைவிட, தெரியாமல் படும் அடியாலும் சூட்டாலும் அழுத்தத்தாலும் அழிவதே அதிகம். அறுவை செய்து ஆற்றிய பாதத்தோடு வீட்டுக்குப் போனவர், சில மாதங்களில் அதே இடத்தில் புண்ணோடு திரும்பி வந்தார். அவர் செய்த குற்றம் நடந்தது ஒன்றுதான்.

பாதப் புண்ணை ஆற்ற மாவுக்கட்டு போடும் முறை தெற்காசியாவில் முன்பே தொடங்கிவிட்டது. இலங்கையின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930களில் தொழுநோயாளிகளின் பாதத்துக்கு மாவுக்கட்டிட்டு நடக்கவிட்டார். இந்தியாவில் ஜோசப் கான் என்பவரும் இம்முறையைக் கையாண்டார். பாதம் முழுவதையும் ஒட்டிப் பிடிக்கும் கட்டு, உடல் எடையைப் பாதம் முழுதும் பரப்பிவிடுகிறது. ஒரே புள்ளியில் அழுத்தம் விழுவதில்லை. புண் ஆறிவிடும். கட்டைப் பிரித்தபின் என்ன போட்டுக்கொண்டு நடப்பது என்பதே வேலூர்க் குழுவுக்கு முன்னிருந்த சிக்கல்.

மரக்கட்டை அடி, மெழுகில் வார்த்த அச்சு, பிளாஸ்டிக் எனப் பலவற்றைச் சோதித்தார்கள். பிளாஸ்டிக் கலவை செய்யக் கற்பதற்காகப் பிராண்ட் கல்கத்தாவுக்குச் சென்றார். கடைசியில் நிலைத்தது நுண்ணறை ரப்பர். எம்.சி.ஆர். என்ற மூன்றெழுத்தால் இன்றும் மருத்துவமனைகளில் அது அறியப்படுகிறது. உள்ளே எண்ணற்ற சிறு காற்றறைகள் கொண்ட மென்மையான ரப்பர் அது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் பாதியாகச் சுருங்கி, விட்டதும் நிமிர வேண்டும் என்பது அதைத் தெரிந்தெடுக்கும் எளிய சோதனை. கடினமாக இருந்தால் பயனில்லை. ஒரேயடியாக அமுங்கிப்போனாலும் பயனில்லை. அதன் அடியில் முள் ஏறாதபடி கார் டயரின் ரப்பர் ஒட்டப்பட்டது. ஆணி அடிப்பது கூடாது. எங்கோ ஒரு நாள் அது மேலே கிளம்பும், போட்டிருப்பவருக்குத் தெரியாது. விரலிடுக்கில் வார் கூடாது. விரல்களுக்கு வலுவில்லாதவர் அதைப் பற்றிக்கொள்ள முடியாது. குதிகாலைச் சுற்றிப் பின்வார் வேண்டும். இல்லாவிட்டால் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே நடந்து போய்விடுவார்.

1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியபின் இந்த வேலை அங்கே விரிவடைந்தது. எர்னஸ்ட் பிரிட்சி போன்ற அறுவை வல்லுநர்கள் அங்கே பணிபுரிந்தனர். மருத்துவரும் செருப்புத் தைப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு பாதத்தைப் பற்றிப் பேசியது அந்தக் காலத்துத் தமிழ்ச் சமூகத்தில் சாதாரணச் செய்தி அன்று. தோல் வேலையையும் தொழுநோயையும் ஊர் ஒருசேர ஒதுக்கி வைத்திருந்தது.

அந்தச் செருப்புக்கு ஒரு குறையும் இருந்தது. பார்த்த மாத்திரத்தில் 'இவர் இன்ன நோய்க்காரர்' என்று அது காட்டிக்கொடுத்தது. பட்டை வார், தடித்த கறுப்பு அடி, பின்வார் என அதன் உருவம் வேறு எந்தச் செருப்பிலும் இல்லை. ஆகவே மருத்துவமனையில் வாங்கிக்கொண்டு, பேருந்தில் ஏறுமுன் பைக்குள் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. பாதத்துக்குப் பொருந்திய செருப்பு ஊருக்குப் பொருந்தவில்லை. பின்னாளில் வெளிப்பார்வைக்குச் சாதாரணச் செருப்பைப் போலவே வடிவமைக்கும் முயற்சிகள் நடந்ததற்கு இதுவே காரணம்.

அழுத்தத்தைக் காட்டிய காலுறை

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற இடத்தில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் மனத்தில் தங்கிய கேள்வி அங்கே ஒரு கருவியாக மாறியது. காலணிக்குள் பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது? வெறும் பாதத்தின் பதிவை எடுக்க மைபூசிய ரப்பர்ப் பாய் முன்பே இருந்தது. அதன்மேல் நடந்தால் அழுத்தம் மிகுந்த இடம் கறுப்பாகப் பதியும். கனடாவின் ஹாரிசும் பீத்தும் படைவீரர்களின் பாதங்களை ஆராய்ந்து 1947இல் வெளியிட்ட அறிக்கையால் அம்முறை பரவியது. ஆனால் காலணிக்குள் பாயை விரிக்க முடியாதே.

பிராண்டும் பொறியியலாளர் ஜேம்ஸ் எப்னரும் உருவாக்கியது ஒரு காலுறை. மெல்லிய நுரைப்பொருளில் செய்த அந்த உறைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய மெழுகுக் குமிழ்கள் பதிக்கப்பட்டிருந்தன. குமிழுக்குள் நீலச் சாயம். நோயாளி அதை அணிந்து, அதன்மேல் தமது ஷூவைப் போட்டுக்கொண்டு சிறிது தூரம் நடப்பார். அழுத்தம் மிகுந்த இடங்களில் குமிழ்கள் உடையும். கழற்றிப் பார்த்தால் ஆபத்தான இடம் நீலமாகத் தெரியும். 1969இல் இந்த ஆய்வு மருத்துவ இதழில் வெளிவந்தது. 'சரியாக இருக்கிறதா?' என்று பாதத்தைக் கேட்க முடியாத நிலையில், காலுறையைக் கேட்டார்கள் எனலாம்.

அந்த ஆய்வுகளில் தெளிவான செய்திகள் இரண்டு. ஒன்று, பாதத்தைக் கெடுப்பது எப்போதும் பெரிய காயம் அன்று. ஆயிரக்கணக்கான முறை ஒரே இடத்தில் விழும் மிதமான அழுத்தமே சிவப்பாகி, சூடாகி, கொப்புளமாகி, புண்ணாகிறது. நல்ல உணர்வுள்ளவர் நெடுந்தூரம் நடக்கையில் தம்மை அறியாமல் நடையை மாற்றிக்கொள்கிறார். உணர்விழந்தவர் முதலடி வைத்ததுபோலவே பத்தாயிரமாவது அடியையும் வைக்கிறார். இரண்டு, இறுக்கமான ஷூவோ காலுறையோ தரும் அழுத்தம் சிறிதாயினும் மணிக்கணக்கில் நீடித்தால் இரத்த ஓட்டம் நின்று தோல் சாகிறது. புதுக் காலணியை முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது, கழற்றியதும் பாதத்தைக் கையால் தடவிச் சூடான இடம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து வந்தது. கருவி ஏதும் வேண்டாத விதி இது.

சர்க்கரை நோய்க்கு வந்த கதை

தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. 2005 முடிவில், பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற அளவில் தொழுநோய் ஒழிந்ததாக இந்தியா அறிவித்தது. அதற்குள் அதே பாதப்புண் வேறொரு நோயின் பெயரில் மருத்துவமனை வாசலில் வரிசையாக நிற்கத் தொடங்கிவிட்டது. பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரை நோயும் கால் நரம்புகளைக் கெடுக்கிறது. முதலில் எரிச்சல், பிறகு பஞ்சின்மேல் நடப்பது போன்ற மரப்பு, பிறகு ஒன்றும் தெரியாமை. செருப்பு எங்கோ கழன்றுவிட, வீட்டுக்கு வந்தபின் கவனிக்கும் சர்க்கரை நோயாளியும், ஐம்பது ஆண்டுக்கு முன்பு கரிகிரிக்கு வந்தவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் சர்க்கரை நோய்க்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியவர் மருத்துவர் எம். விசுவநாதன். அவர் இராயபுரத்தில் நிறுவிய மருத்துவமனை பாதப் பாதுகாப்பில் தனிக் கவனம் செலுத்தியது. அங்கு 241 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. எம்.சி.ஆர். உள்ளிட்ட மென்மையான உள்ளடி கொண்ட காலணிகளை அணிந்தவர்களில் சுமார் 4 விழுக்காட்டினருக்கு ஒன்பது மாதங்களில் புதிய புண் வந்தது. கடினமான உள்ளடி கொண்ட செருப்பிலேயே நடந்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கு வந்தது. வேலூரில் செருப்புத் தைப்பவரின் மேசையில் தொடங்கிய வேலைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இத்தகைய காலணிகளை வடிவமைப்பதில் ஈடுபட்டது.

காலுறையும் ஆராயப்பட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1989இல் வெளியான ஓர் ஆய்வு, அடிப்பகுதி தடிப்பாகப் பின்னிய காலுறை, வெறும் பாதத்தில் விழும் உச்ச அழுத்தத்தைச் சுமார் 30 விழுக்காடு குறைத்ததாகக் காட்டியது. இதைப் படித்துவிட்டுத் தடித்த காலுறையை வாங்கிப் பழைய ஷூவுக்குள் திணிப்பவர், நன்மையைத் தீமையாக்கிக் கொள்கிறார். மெல்லிய காலுறையோடு அளவு பார்த்து வாங்கிய ஷூவில் தடித்த காலுறைக்கு இடம் இருக்காது. அடியில் குறையும் அழுத்தம் விரல் நுனியிலும் சுண்டுவிரல் ஓரத்திலும் கூடிவிடும். எனவே எந்தக் காலுறையைப் போடப் போகிறோமோ அதை அணிந்துகொண்டே காலணிக்கு அளவு பார்க்க வேண்டும். அதுவும் மாலையில், நின்றுகொண்டு. பகல் முழுதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். அது பெருவிரலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை; பலருக்கு இரண்டாம் விரலே நீளம். இரு பாதங்களும் ஒரே அளவாக இல்லாதவரே மிகுதி. பெரிய பாதத்துக்குத்தான் வாங்க வேண்டும்.

உணர்வு குறைந்தவர் பாதத்தை ஒரு தாளில் வரைந்து வெட்டி, அதைக் காலணிக்குள் வைத்துப் பார்ப்பது பயனுள்ள பழக்கம். தாள் மடங்கினால் பாதமும் மடங்கும்.

காலுறையைத் தேர்ந்தெடுக்கையில் பார்க்க வேண்டியது குதிகால் பகுதி. அது குதிகாலில் சரியாக உட்கார வேண்டும். 'எல்லா அளவுக்கும் ஒன்றே' என்று விற்கும் காலுறை சிறிய பாதத்தில் சுருக்கம் விழும். பெரிய பாதத்தில் விரல்களை இழுத்து மடக்கும். சுருக்கம் என்பது ஷூவுக்குள் ஒரு கயிறு கிடப்பதற்குச் சமம். விரல் நுனியில் உள்ள தையல் தடித்திருந்தால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பார்ப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். மேல் எலாஸ்டிக் மாலையில் காலில் பள்ளம் பதித்தால் அது இறுக்கம். கிழிந்ததைத் தைத்துப் போடுவது சிக்கனமாயிற்றே என்று தோன்றும். மரத்த பாதத்துக்கு அந்தத் தையல் முடிச்சே ஒரு கல்.

நிறமும் முக்கியம். வெள்ளை அல்லது வெளிர்நிறம் நல்லது. இரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். கறுப்புச் சாக்ஸ் அணிந்து அலுவலகம் சென்று வருபவர், துவைக்கும்போதுகூடக் கறையைக் காண மாட்டார்.

நூலைப் பொறுத்தவரை, பருத்தி தமிழகத்தில் எளிதில் கிடைப்பது. வியர்வையை உறிஞ்சும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே நாள்தோறும் மாற்ற வேண்டும்; அதிகம் வியர்ப்பவர் இருமுறை மாற்றலாம். தனி நைலான் காலுறை காலைப் புழுங்க வைக்கும். அண்மைக் காலத்தில் இணையக் கடைகளில் அல்பாக்கா கம்பளிக் காலுறைகளும் காணப்படுகின்றன. அல்பாக்கா என்பது பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் வளர்க்கப்படும் ஒட்டகக் குடும்ப விலங்கு. அதன் மயிர் மென்மையானது, ஈரம் பட்டாலும் சூட்டைத் தக்கவைப்பது. உதகையின் குளிருக்கும் கனடாவின் பனிக்கும் அது ஏற்றது. சென்னையின் மே மாதத்துக்குத் தேவையில்லை. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அப்பாவுக்கென்று அன்போடு வாங்கி வரும் தடித்த கம்பளிக் காலுறை, அவருடைய பழைய தோல் ஷூவுக்குள் நுழையாது. அதற்கென ஒரு அளவு பெரிய காலணி வேண்டும். இல்லையேல் வீட்டுக்குள் இரவில் அணியலாம்.

எளாவூரில் மூன்று வகைப் பாதங்கள்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ளது எளாவூர். கிழக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. மேலே சொன்ன விதிகளைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

தொழிற்சாலைக்குப் போகிறவருக்கு இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்பு ஷூ. அந்த இரும்பு தோலைப்போல விரிந்துகொடுக்காது. அகலம் போதாவிட்டால் நாளுக்கு எட்டு மணி நேரம் சுண்டுவிரலை அழுத்திக்கொண்டே இருக்கும். இதற்கு ஷூவின் கழுத்துக்கு மேலே ஏறி நிற்கும் நீளமான, அடி தடித்த காலுறை வேண்டும். குட்டைக் காலுறை போட்டால் ஷூவின் விளிம்பு கணுக்காலை அறுக்கும். ஷூ வழங்கப்படும் நாளில் அந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டு போய் அளவு சொல்வது நல்லது.

செருப்போடு நடமாடுகிறவர்களில் சர்க்கரை நோயுள்ளவருக்கு ஹவாய் செருப்பு ஆகாது. பின்வாருள்ள எம்.சி.ஆர். செருப்பு ஏற்றது, அதனுடன் வெளிர்நிறப் பருத்திக் காலுறை போட்டால் வார் உராய்வதும் குறையும். கோயிலுக்குப் போகையில் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். நண்பகல் வெயிலில் கருங்கல் தளத்தைச் சுற்றிவந்து, உள்ளங்கால் வெந்தது தெரியாமல் வீடு திரும்பியவர்களை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். காலை வேளையில் போவது, தடித்த பருத்திக் காலுறையோடு சுற்றுவது ஆகிய இரண்டும் அவர்கள் கூறும் வழிகள்.

மூன்றாவது, ஏரியில் இறங்கும் பாதம். கிளிஞ்சல் ஓடும் சேறும் கலந்த தரையில் செருப்பு நிற்காது, சேறு பிடுங்கிக்கொள்ளும். நனைந்த காலுறைக்குள் மணல் புகுந்தால் அது உப்புத்தாளாகிவிடும். வேலூரும் கார்வில்லும் கண்டுபிடித்த எதுவும் முழங்கால் தண்ணீரில் நின்று வேலை செய்பவருக்கு நேரடியாக உதவாது. அவருக்கு மிஞ்சுவது கரையேறியபின் செய்யக்கூடியது மட்டுமே. நல்ல தண்ணீரில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியிலோ வீட்டிலுள்ளவரிடமோ காட்டி, புறங்கையால் தடவிச் சூடான இடம் உண்டா என்று பார்ப்பது. ஓடு கீறிய கோடு இருந்தால், அது ஆறும் வரை அவர் ஏரிக்குள் இறங்கக் கூடாது என்பார் மருத்துவர். அத்தனை நாள் கூலிக்கு என்ன செய்வது என்பதற்கு மருத்துவரிடம் விடை இருப்பதில்லை.